செய்முறைப் பையைக் கொடுத்தனுப்பிய பிறகு வீட்டில் என்ன நடக்கிறது? இளைஞர் மன்றம் நடத்துவோரின் அனுபவம் தேவை

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இளைஞர் மன்றம் நடத்துபவர்களில் நானும் ஒருவன். கபடிக்கும் பொங்கல் விழாவுக்கும் மட்டுமே கூடிக்கொண்டிருந்த எங்கள் மன்றம், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகுதான் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021 நவம்பர் 1 வரை பள்ளி திறக்கவில்லை. அந்த நாள்களில் வீடு வீடாகக் கதைப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு, 2006இல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்டுப் பூட்டிக் கிடந்த ஊராட்சி நூலகக் கட்டடத்தைக் கேட்டு வாங்கினோம். இப்போது சனி, ஞாயிறு மாலைகளில் ஐம்பது பிள்ளைகள் வரை வருகிறார்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் முதன்முறையாக, ஐந்து முதல் எட்டு வரை படிக்கும் 32 பிள்ளைகளுக்குச் செய்முறைப் பைகளைக் கொடுத்தனுப்பினோம். பூதக்கண்ணாடி, காந்தம், வைண்டிங் கம்பி (மோட்டாரில் சுற்றும் எனாமல் பூசிய செம்புக் கம்பி), பென்சில் பேட்டரி, எல்இடி விளக்கு, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள், தீக்குச்சிகள், வால்டியூப் (மிதிவண்டிச் சக்கர வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய்), பலூன், பன்னிரண்டு பக்கச் செய்முறைத் தாள் ஆகியவற்றைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தோம். ஒரு பைக்கு 140 ரூபாய் ஆயிற்று. உறுப்பினர்களும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் இருவரும் பணம் கொடுத்தார்கள். பையை வாங்கிக்கொண்ட பிள்ளைகள் தெருவிலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். அன்று எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பார்த்தோம். ஒன்பது பைகள்தான் உண்மையில் பயன்பட்டிருந்தன. சில வீடுகளில் பை பிரித்த நிலையில் பரணில் இருந்தது. சில வீடுகளில் பேட்டரி தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் போயிருந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “நான் செய்தேன் அண்ணா, எனக்குத்தான் வரவில்லை” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்தச் சொல்தான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது. காலாண்டு விடுமுறைக்கு மறுபடியும் பை கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பணத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் இதைச் செய்து பார்த்தவர்கள், எது வீட்டில் நடந்தது, எது நடக்கவில்லை என்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

மின்னிணைப்பு எழுதியது:

ஐயா, அந்தப் பிள்ளைக்கு வராமல் போனது எது என்று தெரியவில்லை. ஆனால் உங்கள் பட்டியலைப் படித்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. பையில் பென்சில் பேட்டரி எத்தனை? ஒன்றுதான் என்றால், அந்த எல்இடி எந்த வீட்டிலும் எரிந்திருக்க வழியில்லை. ஒரு பென்சில் பேட்டரி தருவது 1.5 வோல்ட். சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 2 வோல்ட்டும், வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட்டும் வேண்டும். அத்துடன், எல்இடியின் நீண்ட கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி இணைத்தாலும் எரியாது. இந்த இரண்டும் தெரியாத பிள்ளை, மணிக்கணக்கில் கம்பியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, குற்றம் தன்னுடையது என்று முடிவு செய்துவிடும்.

எல்இடிக்குப் பதிலாகப் பழைய டார்ச் பல்பு வையுங்கள். அதை எந்தப் பக்கம் இணைத்தாலும் எரியும். ஒரு பேட்டரியில் மங்கலாகவும், இரண்டு பேட்டரிகளை வரிசையாக வைத்தால் பிரகாசமாகவும் எரியும் என்பதால், அந்த வேறுபாடே ஒரு பாடமாகிறது. எல்இடிதான் வேண்டும் என்றால் சிவப்பு எல்இடி, இரண்டு பேட்டரி, ஒரு 100 ஓம் மின்தடை என்று கொடுங்கள்.

வைண்டிங் கம்பியைச் சுருளாகச் சுற்றி, காந்தத்துக்கு மேலே சுழலும் சிறு மோட்டார் செய்யச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்பியின் மேல் பூசியிருக்கும் எனாமலைச் சுரண்டாவிட்டால் மின்சாரம் பாயாது. ஒரு முனையை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பாதியை மட்டும், அதாவது சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்தால் மேலே தெரியும் பக்கத்தை மட்டும், சுரண்ட வேண்டும். இரண்டு முனைகளையும் முழுவதும் சுரண்டிவிட்டால், சுருள் ஒரு பாதி சுற்றில் முன்னே தள்ளப்பட்டு, அடுத்த பாதியில் பின்னே இழுக்கப்பட்டு, ஆடிக்கொண்டே நின்றுவிடும். இதை எழுத்தில் படித்து விளங்கிக்கொள்வது பெரியவர்களுக்கே கடினம். ஒருவர் எதிரே உட்கார்ந்து சுரண்டிக் காட்டினால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

என் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறேன். பையைக் கட்டும் குழுவில் இருப்பவர்கள், அதில் உள்ள ஒவ்வொரு செய்முறையையும், அதே பொருள்களை மட்டும் வைத்து, அதே தாளை மட்டும் படித்து, தங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை செய்து பார்க்காமல் ஒரு பையையும் வெளியே அனுப்பக் கூடாது.

ஏரிக்கரை எழுதியது:

பேட்டரி ஒன்றுதான் ஐயா. விளக்கு வெள்ளை. நாங்கள் மன்றத்தில் சோதித்தபோது ரிமோட்டில் இருந்து இன்னொரு பேட்டரியை எடுத்துச் சேர்த்துத்தான் எரிய வைத்தோம். பை கட்டும்போது செலவைக் குறைக்க ஒன்றாக்கிவிட்டோம். இன்று மாலையே அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இரண்டு பேட்டரியுடன் போய், தவறு எங்களுடையது என்று அவளிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வருகிறேன்.

துளிர்மாணவி எழுதியது:

சிறுவயதில் எங்கள் தெருவில் துளிர் இல்லம் நடந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ மாத இதழைச் சேர்ந்து படிக்கவும், அதில் வரும் சோதனைகளைச் செய்து பார்க்கவும் அமைக்கப்பட்ட சிறுவர் குழுக்கள் அவை. இப்போது நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஞாயிறுதோறும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுடன் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

செய்முறைப் பை என்ற எண்ணத்தின் வேர் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதும் பரவி, 2002இல் அரசு நிறுத்தும் வரை அது நடந்தது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு சோதனைப் பெட்டி. அவர்களுடைய பயிற்சி நூலில் விடைகள் அச்சிடப்பட்டிருக்காது. செய்து பார்த்ததைப் பிள்ளையே எழுத வேண்டும். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1978இல் அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான், வாரச் சந்தையில் கிடைக்கும் மலிவான பொருள்களைத் தேடிப் பிடித்து, தீக்குச்சியையும் மிதிவண்டி வால்டியூப்பையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உங்கள் பையில் இருக்கும் தீக்குச்சியும் வால்டியூப்பும் அந்த வழியில் வந்தவையே. முக்கோணத்தை அமுக்கினால் அசையாது, சதுரத்தை அமுக்கினால் சாய்ந்து விழும் என்பதைக் கையால் உணர்ந்த பிள்ளை, ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டத்தையும் மின்கோபுரத்தையும் அதற்குப் பிறகு வேறு கண்ணால் பார்க்கும்.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெட்டியைச் சேர்ந்தது அன்று. சவாலிராம் என்று ஒரு பெயரை உருவாக்கி, உங்களுக்குத் தோன்றும் எந்தக் கேள்வியையும் சவாலிராமுக்கு எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஆனால் எழுதிய பிள்ளைக்குப் பதில் கிடைத்தது. உங்கள் ஊரில் பை வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைக்குக் கேட்கவும் ஆளில்லை. ஒன்பது பைகள் பயன்பட்ட வீடுகளை மறுபடியும் நினைத்துப் பாருங்கள்: அங்கே அண்ணனோ அக்காவோ அத்தையோ ஒருவர் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதியில் இப்போது ஒரு பையில் ஒரே ஒரு செய்முறைதான் வைக்கிறோம். சனிக்கிழமை கொடுக்கிறோம், அடுத்த சனிக்கிழமை பிள்ளை திரும்பி வரும்போது செய்ததையோ செய்ய முடியாமல் போனதையோ கொண்டுவர வேண்டும். வராதவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார். மஞ்சள் தூளைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவைத்த துண்டுகள் பத்தும், ஒரு கேள்வியும் மட்டுமே ஒரு வாரப் பை: உன் வீட்டில் எந்தெந்தப் பொருள் இந்தத் தாளைச் சிவப்பாக்குகிறது? சோப்பு, சுண்ணாம்பு, துணி சோடா என்று எட்டுப் பொருள்களின் பட்டியலோடு ஒரு பையன் வந்தான். சிவந்த தாளில் எலுமிச்சைச் சாறு விட்டால் பழையபடி மஞ்சளாகிறது என்பதை நாங்கள் தாளில் எழுதியிருக்கவில்லை. அவனே கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னான். அந்தப் பைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை.

பணிநிறைவாசிரியர் எழுதியது:

தம்பி ஏரிக்கரைக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பணியாற்றியவன் நான். உங்கள் உற்சாகத்தைக் குறைப்பது என் நோக்கம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு பக்கச் செய்முறைத் தாள் என்கிறீர்கள். உங்கள் 32 பிள்ளைகளில் எத்தனை பேரால் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் தாமாகப் படித்துப் பொருள் கொள்ள முடியும் என்று பார்த்தீர்களா? தொற்றுக் காலத்தில் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் இருந்து, எழுத்துக் கூட்டும் பருவத்தைப் பள்ளிக்கு வெளியே கழித்த பிள்ளைகள் பலர் இன்னும் தடுமாறுகிறார்கள். படிக்க முடியாத பிள்ளைக்குப் பை ஒரு சுமை. முதலில் வாசிப்பு, அடிப்படைக் கணக்கு, அதன் பிறகு செய்முறை என்பதுதான் சரியான வரிசை என்று நான் இன்றுவரை எண்ணிவருகிறேன்.

பொருள்களை வைத்துக் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில் நான் மனம் ஒன்றி வேலை செய்தேன். பிள்ளை ஒவ்வொரு படியாக ஏறிப் படிக்கும் கற்றல் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் உரிய பாட அட்டைகள், கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எல்லாம் என் வகுப்பில் இருந்தன. முதல் ஆண்டு அது திருவிழாப் போல இருந்தது. இரண்டாம் ஆண்டில் அட்டைகள் முனை மடங்கின. மூன்றாம் ஆண்டில் சில அட்டைகள் தொலைந்தன. ஏணியில் ஓர் அட்டை இல்லாவிட்டால் அந்தப் படியில் வந்து நிற்கும் பிள்ளைக்கு மேலே போக வழியில்லை. தொலைந்த அட்டையை நானே இரவில் உட்கார்ந்து எழுதினேன். எல்லா ஆசிரியரும் அப்படி எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே பை கொடுப்பதாக இருந்தால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தொலைந்ததை ஈடுசெய்யப் பணமும் ஆளும் இருக்கிறதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

பனியனூரம்மா எழுதியது:

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர். இருவரும் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். ஓவர்டைம் இருந்தால் பத்து. பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் யுகேஜி. எங்கள் பகுதியில் ஒரு குழுவினர் நல்ல மனத்தோடு இப்படி ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் எட்டுச் சோதனைகள் இருந்தன. ஐந்தில் ‘பெரியவர் உதவியுடன் செய்க’ என்று அச்சிட்டிருந்தது. எங்கள் காம்பவுண்டில் பகல் நேரத்தில் பெரியவர் என்று யாரும் கிடையாது. என் மகள்தான் அந்த வீட்டின் பெரியவர். தம்பியைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, அவன் பெட்டிக்குள் கைவிடாமல் பார்த்துக்கொண்டே அவள் சோதனை செய்ய வேண்டும். அவன் காந்தத்தை வாயில் வைத்துவிட்டான் என்று ஒருநாள் எனக்குப் போன் செய்து அழுதாள். அதற்குப் பிறகு பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டேன். என் மேல் தவறு இருக்கலாம். அன்றைக்கு எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மன்றத்துக்கு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். வயதுக்கு வந்த பெண்ணை, நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத மாலை நேரத்தில், பையன்கள் கூடும் இடத்துக்கு அனுப்ப எனக்குத் துணிவு இல்லை. என்னைப் போன்ற வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காகத்தான் பை வீட்டுக்கு வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். அத்துடன் ஒரு கல்லூரி மாணவி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எங்கள் காம்பவுண்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தால், ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் சேர்ந்து செய்வார்கள். நாங்களும் அன்று வீட்டில் இருப்போம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மகளுக்கும் படிக்கத் திணறல் இருந்தது. பாடப் புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வரும். பெட்டியில் இருந்த தாளை மட்டும், அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். எது முதலில், எது பிறகு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் படித்தாள் என்பதைத்தான் சொல்கிறேன்.

செவிலியக்கா எழுதியது:

அம்மா, பெட்டியை மேலே தூக்கி வைத்தது தவறே இல்லை. பொம்மைகளில் வரும் சிறிய வெள்ளிநிறக் காந்தங்கள் ஆற்றல் மிகுந்தவை. இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கிவிடும். பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுக்கும் உடையாத பெரிய வளையக் காந்தம், விழுங்க முடியாத அளவில் இருப்பதால், அதைவிட நல்லது. பொத்தான் பேட்டரியை எந்தப் பையிலும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியது தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வெடித்த பலூன் துண்டும் சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கும். பூதக்கண்ணாடியால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று தாளில் எழுதினால் போதாது. கொடுக்கும்போதே பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பையைக் கட்டும்போது, அதை வாங்கும் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் தம்பி தங்கையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோர ஊர் ஒன்றில் இருந்து எழுதுகிறேன். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலை ஐந்து முதல் ஏழு வரை, எங்கள் வீட்டு முற்றத்தில் இருபது பிள்ளைகள். ஆசிரியர் ஐயா சொல்லும் வாசிப்புக் குறையை நான் அன்றாடம் கண்டேன்; அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளை வாசிக்க வைத்தது, பல நாள்களில், ஆடுபுலி ஆட்டத்தின் விதிகளை எழுதி ஒட்டிய அட்டைதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளிகள் என்று விதியைச் சரியாகப் படித்தவர் சொல்வதுதான் அங்கே செல்லும் என்பதால், படிக்கத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

கடைப் பெட்டிகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எங்கள் ஊர்க் காற்றில் கம்பியும் ஊக்கும் ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிடும். அதைவிடப் பெரிய குறை, ஒரு பொருள் தொலைந்தால் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. அதனால் பெட்டிக்கடை, மிதிவண்டிக் கடை, வைண்டிங் கடை, சமையலறை ஆகிய நான்கு இடங்களில் கிடைக்காத எதையும் பையில் வைப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டேன்.

இப்போது மழைக்காலம் வரப்போகிறது. ஏரிக்கரை ஐயா ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் மழைமானி செய்யுங்கள். ஒரு லிட்டர் நெகிழிப் புட்டியின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனலாகக் கவிழ்த்து வைத்தால் மழைமானி ஆகிவிடும். புட்டியின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதால், சிறு கற்களைப் போட்டு, பக்கச் சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழி (0) என்று குறிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். அதற்கு மேல் மில்லிமீட்டர் அளவுகோலை வரைந்து ஒட்டலாம். புனல் வாயும் புட்டியும் ஒரே அகலம் என்பதால் அளவை அப்படியே படிக்கலாம். ஒவ்வொரு முறை படித்த பிறகும் மறுபடி சுழி மட்டத்துக்குத் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். வானிலை ஆய்வு மையம் காலை 8.30க்கு அளக்கிறது, பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் நாங்கள் எல்லா வீட்டிலும் காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டோம். நேரம் எதுவானாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதில் வீட்டில் செய்யும் வேலைக்கு மன்றத்தில் ஒரு பொருள் உண்டாகிறது. ஒரு வீட்டின் அளவு தனியாக ஒன்றும் சொல்லாது. பதினைந்து வீட்டு அளவுகளை ஊர் வரைபடத்தில் எழுதிப் பார்த்தால், ஒரே மழை தெற்குத் தெருவில் ஒரு மாதிரியும் கடற்கரையில் வேறு மாதிரியும் பெய்திருப்பது தெரியும். தன் எண் இல்லாவிட்டால் வரைபடத்தில் ஓர் ஓட்டை விழும் என்று தெரிந்த பிள்ளை, யாரும் சொல்லாமல் ஏழு மணிக்கு எழுந்துவிடுகிறது. பிறகு கணக்கு வருகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். உங்கள் பக்கம் நிலத்தை மாக்கணக்கில் சொல்வீர்கள். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், அதாவது 1,335 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் அப்பாவின் ஒரு மா நிலத்தில் விழுந்த தண்ணீர் 53,000 லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கை எங்கள் பிள்ளைகள் போட்டுக் காட்டியபோது, அதுவரை ஒதுங்கி நின்ற அப்பாக்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

தொலைவீடு எழுதியது:

அமெரிக்காவில் ஒகையோவில் வசிக்கிறேன்; என் மகள் இங்கே ஃபோர்-எச் (4-H) என்ற சிறுவர் அமைப்பின் குழுவில் இருக்கிறாள். இதே மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில், 1902இல், கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் ஊர்ப்புறப் பிள்ளைகளைக் கூட்டித் தொடங்கிய குழுவே இதற்கு மூலம். விதைச்சோளத்தைத் தேர்ந்தெடுப்பதும், லிட்மஸ் தாளைக் கொண்டுபோய்த் தம் பண்ணை மண்ணைச் சோதிப்பதும் அந்தப் பிள்ளைகளின் முதல் வேலைகளில் சில. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அடிப்படை அமைப்பு மாறவில்லை: வேலை வீட்டில் நடக்கிறது, குழுவில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டக் கண்காட்சியில் ஊரார் முன் வைக்கிறார்கள். உப்புக்காற்று எழுதிய வரைபடம் அந்தக் கண்காட்சியின் வேலையைச் செய்கிறது என்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றியது. பணம் வேண்டுமென்றால் எங்கள் குடும்பத்தால் ஓராண்டுக்கு உதவ முடியும். ஆனால் பனியனூரம்மா கேட்கும் அந்தக் கல்லூரி மாணவியின் பேருந்துச் செலவுக்கும் ஒரு சிறு ஊதியத்துக்கும் அது போக வேண்டும் என்பது என் விருப்பம்.

பணிநிறைவாசிரியர் எழுதியது:

எல்லோருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். வாசிப்பு முதலில், செய்முறை பிறகு என்று நான் எழுதிய வரிசையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செய்முறைத் தாளின் மொழியைப் பற்றி நான் கவலைப்பட்டது மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், ஒரு வாக்கியத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லி, பிள்ளை அறிந்த சொற்களால் எழுத வேண்டும். ‘மின்சுற்றை முழுமைப்படுத்துக’ என்று எழுதாதீர்கள். ‘கம்பியின் இன்னொரு நுனியைப் பேட்டரியின் தட்டையான பக்கத்தில் வை’ என்று எழுதுங்கள். தம்பி ஏரிக்கரை தாள்களை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இருவர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்துப் படிக்க வைத்து, எங்கே தடுக்குகிறது என்று பார்த்துக் குறித்து அனுப்புகிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலாண்டு விடுமுறைக்குப் பெரிய பை கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு சிறு உறை என்று மாற்றினோம். முதல் வாரம் மஞ்சள் தாள். இரண்டாம் வாரம் டார்ச் பல்பும் இரண்டு பேட்டரியும். மூன்றாம் வாரம் முதல் மழைமானி. ஆசிரியர் ஐயா திருத்திய தாளில் மொத்தம் ஒன்பது வாக்கியங்கள் இருந்தன. மோட்டாரை வீட்டுக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, மன்றத்திலேயே எதிரே உட்கார வைத்துச் செய்தோம். எனாமலைச் சுரண்டும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்க்க முடிந்தது. மாலையில் வர முடியாத பெண்பிள்ளைகள் ஏழு பேருக்காக, எங்கள் ஊரில் இருந்து கல்லூரிக்குப் போகும் இரண்டு மாணவிகள் ஞாயிறு காலையில் மேலத்தெரு வீடு ஒன்றின் திண்ணையில் உட்காருகிறார்கள். தொலைவீடு ஐயாவின் உதவியை அதற்கே வைத்திருக்கிறோம். கோடையில் விளக்கு எரியாமல் தலைகுனிந்த பெண், அந்தத் திண்ணையில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பல்பு இணைத்துக் காட்டுகிறாள்.

மழைமானி பதினான்கு வீடுகளில் இருக்கிறது. முதல் பெருமழைக்கு மறுநாள் வந்த அளவுகளில் பதின்மூன்று வீட்டு அளவுகள் அருகருகே இருந்தன. ஒரு வீட்டில் மட்டும் இரண்டு மடங்கு காட்டியது. பிள்ளை தவறாகப் படித்திருப்பான் என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் அந்த எண்ணை விட்டுவிடச் சொன்னார். அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் மழைக்கு நடுவே புட்டியின் பக்கத்திலேயே குடையோடு நின்று பார்த்துவிட்டு, இறவாணத்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் புனலில் விழுகிறது என்று கண்டுபிடித்து வந்தான். புட்டியை முற்றத்தின் நடுவுக்கு மாற்றிவிட்டான். பழைய எண்ணை அழிக்க வேண்டாம், பக்கத்தில் ‘கூரைத் தண்ணீர்’ என்று எழுதி வரைபடத்தில் அப்படியே வையுங்கள் என்று அவனே கேட்டான். வைத்திருக்கிறோம்.

மார்கழிக்குப் பிறகு மழை ஓய்ந்துவிடும். அதற்கடுத்து நிழலை அளக்கும் வேலையைத் தொடங்கலாம் என்றிருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் நண்பகலில் நிழல் விழாத நாள் வருகிறது. எங்கள் ஊர் இரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால், எங்களுக்கான நாளைப் பிள்ளைகளே குச்சி நட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று தேதியைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். துளிர்மாணவி அக்கா, தை மாதத்தில் இருந்தே நாள்தோறும் அளக்க வேண்டுமா, அல்லது வாரம் ஒருமுறை போதுமா என்று சொல்லுங்கள். இன்னொன்று: எங்கள் பக்கத்து மிதிவண்டிக் கடைகளில் வால்டியூப் கிடைப்பது அரிதாகிவிட்டது. மொத்தமாக எங்கே வாங்குகிறீர்கள் என்று யாராவது எழுதினால் அடுத்த வார உறைக்கு உதவியாக இருக்கும்.